மாலாடு பிடித்த கைக்கு ஒரு சாக்லேட் உருண்டை

வறுத்துத் தோல் நீக்கி ஆறவைத்த வேர்க்கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் பொடியாகும். இன்னும் ஓட்டினால் ஜாரின் ஓரங்களில் அப்பிக்கொள்ளும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அவசரப்பட்டு எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மிக்ஸியை நிறுத்தி, கரண்டியால் வழித்துவிட்டு, சூடு தணிந்ததும் மறுபடி ஓட்டுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் கடலை தன் எண்ணெயைத் தானே கக்கிப் பளபளக்கும் விழுதாகிவிடும். அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய்தானே!

விழுது தயாரானால் புரோட்டீன் சாக்லேட் உருண்டை பாதி முடிந்த மாதிரி. ஓவன் வேண்டாம், பாகு பதம் பார்க்க வேண்டாம். பொட்டுக்கடலை மாவில் மாலாடு பிடிக்கிற வீடுகளுக்கு இது பழகிய வேலை. அங்கே நெய் செய்வதை இங்கே கடலை விழுதும் பேரீச்சம்பழமும் செய்கின்றன.

வேர்க்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 100 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 120 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் 20 கிராம், வறுத்த எள் 20 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பேரீச்சையை அரைத்து விழுதோடு சேர்த்து, மற்றவற்றைக் கொட்டிப் பிசைந்தால் 18 உருண்டை வரும். பழம் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து சேர்க்கலாம். ஆனால் ஈரம் பட்ட உருண்டை ஃபிரிட்ஜில்கூட நாலு நாளுக்கு மேல் வேண்டாம்.

பொட்டுக்கடலைக்குப் பதில் கடலை மாவைக் கொட்டிவிடாதீர்கள். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, கடலை மாவு பச்சை. வறுக்காமல் சேர்த்தால் வாசனையும் கெடும், வயிறும் கெடும். வேர்க்கடலையிலும் பூஞ்சை பிடித்தது, சுருங்கிக் கறுத்தது, கசப்பது எதையும் தயங்காமல் எறியுங்கள். பூஞ்சை விடுகிற அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போவதில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். மொத்தக் கலவையில் சுமார் 55 கிராம் புரதம், அதாவது உருண்டைக்கு 3 கிராம். இரண்டு சாப்பிட்டால் ஒரு முட்டையின் அளவு. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். ஆகவே இது சாப்பாட்டுக்கு மாற்று அல்ல, மாலை நேரத்து பிஸ்கட்டுக்கு மாற்று. பேரீச்சையின் இனிப்பும் இனிப்புதான், உருண்டைக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவு இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் அதை மறக்கக் கூடாது. எள் வெறும் அலங்காரமில்லை. வேர்க்கடலையில் குறைகிற லைசின் பொட்டுக்கடலையில் இருக்கிறது. பொட்டுக்கடலையில் குறைகிற மெத்தியோனின் எள்ளில் இருக்கிறது.

புரத அளவைக் கூட்ட வே (whey) புரோட்டீன் பவுடர் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்று மெத்தென்றிருக்கிற உருண்டை நாளை கல்லாகிவிடும். கடலை விழுதைக் கூட்டிப் பிசைவதே வழி.

கோகோவை அயல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகவே விளைகிறது.

மேலே சாக்லேட் பூச்சு வேண்டுமென்றால் கொதிக்கிற நீரின் ஆவியில் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து மண்ணாகக் கட்டிக்கொள்ளும், கரண்டிகூட உலர்ந்திருக்க வேண்டும். வாங்கும்போது உறையில் கோகோ பட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். காம்பவுண்ட் வகைகளில் அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்புதான் இருக்கும். கோகோ பட்டர் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். சித்திரை வெயிலில் டப்பாவுக்குள்ளேயே கரைவதும் அதனால்தான். அந்த மாதங்களில் பூச்சை விட்டுவிட்டு, உருண்டையைக் கோகோ பவுடரில் புரட்டி எடுத்தால் போதும்.