டார்க் சன் உலகைப் புதிய விதிகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தல்

டார்க் சன் என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்கும் விளையாட்டுக்காக அமெரிக்காவின் டிஎஸ்ஆர் நிறுவனம் 1991இல் வெளியிட்ட பாலைவனக் கற்பனை உலகு ஆகும். இதனை டிமதி பிரவுன், டிராய் டென்னிங் ஆகியோர் வடிவமைத்தனர். ஓவியர் பிராம் இதற்குப் படங்கள் வரைந்தார். விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளுக்காக எழுதப்பட்ட இவ்வுலகு, பிற்காலப் பதிப்புகளுக்கு ஏற்பப் பலமுறை மாற்றப்பட்டுள்ளது. விதிகள் மாறும்போது உலகின் கடுமை குறைந்துவிடுவதே இம்மாற்றத்தில் உள்ள முதன்மைச் சிக்கலாகும்.

உலகின் இயல்பு

இக்கதை நிகழும் கோளின் பெயர் ஆத்தாஸ். மந்திரத்தை அளவின்றிப் பயன்படுத்தியதால் அங்கு நிலம் வறண்டு பாலையாயிற்று. மந்திரம் செய்வோர் அதற்கான ஆற்றலைத் தாவரங்களிலிருந்தே பெறுகின்றனர். அளவறிந்து எடுப்பவர் காப்போர் எனவும், வேருடன் சாம்பலாக்கி எடுப்பவர் அழிப்போர் எனவும் பிரிக்கப்படுகின்றனர். டிர், யூரிக், பாலிக் முதலிய நகர அரசுகளை மந்திரவாதி மன்னர்கள் ஆள்கின்றனர். அங்குக் கடவுளர் இல்லை. பூசாரிகள் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையே வழிபடுகின்றனர். உலோகம் அரிது. ஆகவே ஆயுதங்கள் எலும்பு, கல், மரம், எரிமலைக் கண்ணாடி ஆகியவற்றால் செய்யப்படுகின்றன. நாணயமும் சுட்ட மண்ணால் ஆனது.

பதிப்பு வரலாறு

திருத்தி விரிவாக்கப்பட்ட டார்க் சன் தொகுப்பு 1995இல் வந்தது. 1997இல் டிஎஸ்ஆர் நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு வெளியானபோது டார்க் சன்னுக்கு முழு நூல் வரவில்லை. 2004இல் டிராகன், டஞ்சன் ஆகிய இதழ்கள் இதற்கான விதிகளை வெளியிட்டன. ஆர்வலர் குழுவொன்றும் தன் மாற்று விதிகளை இணையத்தில் இலவசமாக வழங்கியது. நான்காம் பதிப்புக்கான முழு நூல் 2010இல் வந்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டுகளில் டார்க் சன்னுக்கெனத் தனி நூல் வெளிவராததால், மாற்றியமைக்கும் பொறுப்பு ஆட்ட நடத்துநர்களையே சேர்ந்தது.

தண்ணீர்

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர் தேவை; வெப்பமான இடத்தில் இரண்டு கேலன் தேவை. இரண்டு கேலன் என்பது ஏறத்தாழ ஏழரை லிட்டர். நான்கு பேர் ஐந்து நாள் பாலையில் நடக்க 40 கேலன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ எடையுள்ள நீர் வேண்டும். ஒரு தோல்பை அரை கேலனே கொள்ளும். எனவே ஒருவருக்கு நாளுக்கு நான்கு தோல்பைகள் தேவை. தேவையில் பாதிக்கும் குறைவாகக் குடிப்பவருக்கு அன்றைய முடிவில் சோர்வு ஒரு படி கூடும். ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு இரண்டு படிகள் கூடும். ஆறாம் படி மரணம். ஆகவே கடுமையான பாலைக்குரிய விதி புதிய பதிப்பிலும் இருக்கவே செய்கிறது.

ஆனால் அதே பதிப்பில், தண்ணீரை உண்டாக்கும் முதல்நிலை மந்திரம் ஒரே தடவையில் பத்து கேலன் தருகிறது. அது வெப்பமான நாளில் ஐந்து பேரின் முழுத் தேவை. இன்னொரு முதல்நிலை மந்திரம் பத்துப் பேருக்கு ஒரு நாள் உணவாகும் பழங்களைத் தருகிறது. இவை இருந்தால் மேற்கூறிய கணக்கு முழுதும் வீணாகிவிடும். இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன: அம்மந்திரங்களை விலக்கலாம், கிடைக்கும் அளவைப் பத்தில் ஒன்றாக்கலாம், நீரை வழிபடும் பூசாரிக்கு மட்டும் உரியவையாக்கலாம். மூன்றாவது வழி உலகின் இயல்போடு பொருந்துகிறது. அப்போது நீர்ப் பூசாரி எல்லோராலும் தேடப்படுபவர் ஆகிறார். மன்னர்களும் அவரைக் கைப்பற்ற முயல்வர்.

ஆயுதங்கள்

இரண்டாம் பதிப்பில் தாக்குதலுக்கு உருட்டும் பகடை எண்ணிலிருந்து எலும்பு ஆயுதத்திற்கு 1, கல்லுக்கும் எரிமலைக் கண்ணாடிக்கும் 2, மரத்திற்கு 3 கழிக்கப்பட்டன. இதை ஐந்தாம் பதிப்பில் அப்படியே சேர்த்தால் ஆட்டம் நிலைகுலையும். அங்குத் தொடக்கநிலை வீரரின் பயிற்சிக் கூட்டெண் 2 மட்டுமே. மர ஆயுதம் அதை முழுதும் விழுங்கிவிடும். இதனினும் எளிய வழி, எலும்பையும் கல்லையும் இயல்பானவையாகக் கொண்டு, உலோக ஆயுதத்திற்கு 1 கூட்டித் தருவதாகும். நான்காம் பதிப்பு வேறொரு வழியைக் கையாண்டது. பகடையில் 1 விழுந்தால் வீரர் தோல்வியை ஏற்கலாம், அல்லது மீண்டும் உருட்டலாம். மீண்டும் உருட்டினால் உலோகமல்லாத ஆயுதம் உடைந்துபோகும். இது வீரரையே முடிவெடுக்கச் செய்வதால் இன்றும் பயன்படத்தக்கது.

மந்திரமும் மனவாற்றலும்

இரண்டாம் பதிப்பில் அழிப்போர் காப்போரைவிட விரைவாக முன்னேறினர். ஐந்தாம் பதிப்பில் எல்லா வகுப்பினரும் ஒரே அனுபவப் புள்ளிகளில் உயர்வதால் இம்முறை பொருந்தாது. நான்காம் பதிப்பில் மந்திரவாதி நாளுக்கு ஒருமுறை பயன்படுத்தும் தாக்குதல் மந்திரங்களின்போது அழிப்பதா வேண்டாமா எனத் தேர்ந்தெடுக்கலாம். அழித்தால் தவறிய தாக்குதலை மீண்டும் உருட்டலாம், ஆனால் அருகிலுள்ள தோழர்கள் காயமடைவர். உடனடிப் பயனும் பிறர் தாங்கும் இழப்பும் சேர்ந்திருப்பதே டார்க் சன்னின் கருப்பொருள் என்பதால், எப்பதிப்புக்கு மாற்றினாலும் இதைக் கைவிடக் கூடாது.

ஆத்தாஸில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஏதேனும் சிறு மனவாற்றல் உண்டு. ஐந்தாம் பதிப்புக்காகச் சோதிக்கப்பட்ட மிஸ்டிக் என்னும் மனவாற்றல் வகுப்பு கைவிடப்பட்டது. 2020இல் வந்த துணைவகுப்புகள் சில அவ்விடத்தை ஓரளவு நிரப்புகின்றன. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் எளிய மனவாற்றல் மந்திரத்தைக் கட்டணமின்றிக் கொடுப்பது போதுமானது.

அடிமைமுறை

ஆத்தாஸின் நகரங்கள் அடிமை உழைப்பால் இயங்குகின்றன. மனிதருக்கும் குள்ளருக்கும் பிறக்கும் முல் இனத்தார் பெரும்பாலும் அடிமைகளாகவே வளர்க்கப்படுகின்றனர். இக்கொடுமையை நீக்கிவிட்டால் மன்னர்களை எதிர்ப்பதற்கான காரணம் மங்கும். விளையாட்டுப் பொருளாக்கினால் ஆடுவோர் சிலருக்கு அது புண்படுத்துவதாக அமையும். டார்க் சன் வரலாற்றின் முதல் பெருநிகழ்வே டிர் நகர மன்னன் காலக் கொல்லப்பட்டு அடிமைகள் விடுதலை பெறுவதாகும். ஆகவே, எதைக் காட்டுவது, எதைத் தவிர்ப்பது என்பதை முதல் அமர்வுக்கு முன்பே ஆடுவோர் அனைவரும் பேசி முடிவு செய்துகொண்டு, விடுதலையையே கதையின் மையமாக அமைப்பது நல்லது.