சர்ஜரி என்றால் கைவேலை

என் அக்கா மகள் நர்சிங் முதலாண்டு படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தவள். தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“சித்தி, ஹிஸ்டெரெக்டமின்னா கர்ப்பப்பையை எடுக்கிறது. ட்ரக்கியாஸ்டமின்னா தொண்டையில ஓட்டை போடுறது. ஒண்ணுல எடுக்கிறாங்க, ஒண்ணுல ஓட்டை போடுறாங்க. ரெண்டும் ‘டமி’ன்னுதான் முடியுது. எப்படிப் பிரிச்சு ஞாபகம் வெச்சுக்கிறது?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நோட்டில் இருந்த சொற்களை அவளுக்கு யாரும் பிரித்துக் காட்டவில்லை. நாற்பது எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் செய் என்று கொடுத்துவிட்டார்கள். அந்த இரவு இருவரும் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தோம்.

‘டோமே’ என்றால் கிரேக்க மொழியில் வெட்டு. ‘எக்’ என்றால் வெளியே. இரண்டும் சேர்ந்தால் எக்டமி, வெட்டி எடுத்தல். ‘ஹிஸ்டெரா’ என்பது கருப்பை. ஆனால் ட்ரக்கியாஸ்டமியின் வாலில் இருப்பது வேறு சொல்: ‘ஸ்டோமா’, அதாவது வாய். மூச்சுக்குழலில் புதிதாக ஒரு வாய் திறப்பது. புண்ணுக்கு வாய், பைக்கு வாய் என்று நாம் சொல்வதில்லையா, அதே வாய்தான். வயிற்றில் திறந்தால் கேஸ்ட்ராஸ்டமி, பெருங்குடலில் திறந்தால் கொலாஸ்டமி.

‘ட்ரக்கியா’வுக்கோ கரடுமுரடானது என்று பொருள். “தொண்டைக்குழிக்குச் சற்று மேலே விரலை வைத்து மெல்லத் தடவிப் பார்” என்றேன். வளையம் வளையமாகத் தட்டுப்பட்டதும் அவள் முகம் மாறியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் இப்படித் தொட்டுப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

வெட்டைப் பிடித்துக்கொண்டால் பள்ளியில் படித்த பழைய சொற்களும் திறந்துகொள்கின்றன. ‘அ’ என்ற மறுப்பு முன்னே சேர்ந்தால் ஆட்டம்: வெட்ட முடியாதது. அனாட்டமி என்றால் முழுக்க வெட்டிப் பார்ப்பது. இந்த மறுப்பு ‘அ’ தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. நீதிக்கு எதிர் அநீதி, அவசியத்துக்கு எதிர் அனாவசியம். மெய்யெழுத்துக்கு முன் ‘அ’, உயிருக்கு முன் ‘அன்’. வடமொழியிலிருந்து நமக்கு வந்த இந்த விதியும் கிரேக்க விதியும் ஒரே மூதாதை மொழியின் பிள்ளைகள். அனீமியா என்றால் இரத்தமின்மை. அனஸ்தீசியா என்றால் உணர்வின்மை. 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டினார்கள். அந்த நிலைக்கு இந்தப் பெயரைச் சொன்னவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர். அவர் கவிஞரும்கூட.

ஆங்கில மருத்துவத்தில் ஏன் இவ்வளவு கிரேக்கம்? கி.மு. 460 வாக்கில் காஸ் தீவில் பிறந்த ஹிப்போகிரட்டீஸும் அவர் வழி வந்தவர்களும் எழுதியது கிரேக்கத்தில். ரோமானியர்கள் கிரேக்க நாட்டைப் பிடித்த பிறகும் மருத்துவம் மட்டும் கிரேக்கம் பேசுவதை நிறுத்தவில்லை. ரோமிலேயே பேரரசர்களுக்கு வைத்தியம் பார்த்த கேலன் தன் நூல்களைக் கிரேக்கத்தில்தான் எழுதினார். பிற்காலத்து ஐரோப்பியர்கள் புதிதாக எதைக் கண்டாலும் அந்தப் பழைய கிடங்கிலிருந்தே சொல் எடுத்தார்கள்.

அந்தக் கிடங்கில் இருப்பவை பெரும்பாலும் வீட்டுச் சொற்கள். இதை நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். கிளினிக்கின் மூலமான ‘க்ளீனே’ என்பது கட்டில். படுத்திருப்பவரின் கட்டிலருகே வந்து பார்ப்பவரே கிளினிக் வைத்தியர். சர்ஜரி இன்னும் எளிது. ‘கெய்ர்’ கை, ‘எர்கோன்’ வேலை. கெய்ரூர்கியா என்ற அந்தச் சொல் லத்தீனிலும் பிரெஞ்சிலும் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது சர்ஜரி ஆகிவிட்டது. கைவேலை, அவ்வளவுதான். பயந்து நடுங்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று அவளிடம் சொன்னபோது, எனக்கே அந்தச் சொல்மீது ஒரு பிரியம் வந்தது.

மருத்துவமனைப் பலகையில் எனக்கு மிகப் பிடித்தது ஆர்த்தோபீடிக்ஸ். ‘ஆர்த்தோஸ்’ என்றால் நேரானது. ‘பைஸ்’ என்றால் குழந்தை. எலும்பு என்ற சொல்லே இதில் கிடையாது! 1741இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, குழந்தைகளின் உடல் கோணாமல் வளர்க்கும் வழிகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதற்காக உருவாக்கிய சொல் இது. அந்த நூலில் ஒரு படம் உண்டு. கோணலாக வளர்ந்த இளமரத்தை நேரான கம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். உலகமெங்கும் எலும்பு மருத்துவர் சங்கங்கள் இன்றும் அதைச் சின்னமாக வைத்திருக்கின்றன. இன்று மூட்டு மாற்றிக்கொள்ளப் போகும் பாட்டியும் ‘நேரான குழந்தை’ என்ற பலகைக்குக் கீழேதான் காத்திருக்கிறார்.

தப்பான எண்ணத்தில் பிறந்த சொற்களும் இருக்கின்றன. இறந்த உடலில் தமனிகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்த பழைய மருத்துவர்கள், அவற்றில் காற்று ஓடுகிறது என்று நம்பினார்கள். மூச்சுக்குழலுக்கும் தமனிக்கும் ‘ஆர்ட்டீரியா’ என்ற ஒரே பெயர் வழங்கியது. உள்ளே இரத்தம்தான் ஓடுகிறது என்று கேலன் காட்டிய பிறகும் பெயர் மாறவில்லை. ஹிஸ்டீரியா என்ற சொல்லை மட்டும் என்னால் அவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. கருப்பை என்ற சொல்லை எடுத்து, பெண்ணின் அழுகைக்கும் அச்சத்துக்கும் நோய்ப்பெயராக ஒட்டி, நூற்றாண்டுக் கணக்கில் அவள் சொன்னதைக் கேட்காமல் இருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு அந்தப் பெயரைக் கைவிட்டது 1980இல்தான்.

அக்கா மகளுக்கு நான் அழுத்திச் சொன்னது ஹைப்போ, ஹைப்பர் இரண்டையும். ‘ஹைப்போ’ கீழே, ‘ஹைப்பர்’ மேலே. ‘கிளைக்கிஸ்’ இனிப்பு, ‘ஹைமா’ இரத்தம். ஹைப்போகிளைசீமியாவில் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது, ஹைப்பர்கிளைசீமியாவில் ஏறிவிட்டது. வார்டில் ஒன்றை மற்றொன்றாகக் கேட்டு இன்சுலின் போட்டால் உயிர் போகும். வெறும் மனப்பாடத்தை நம்பி இதை விடலாமா? அவள் கையில் எடுக்கும் ஊசிக்கே ஹைப்போடெர்மிக் என்று பெயர்: தோலுக்குக் கீழே போவது. “ஊசியை நினைச்சுக்கோ, ஹைப்போ மறக்காது” என்றேன்.

இந்தச் சொற்களை ஒரு காலத்தில் முழுக்கத் தமிழாக்கியும் பார்த்தார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை பற்றிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். முப்பதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் தமிழிலேயே மருத்துவம் கற்றுத் தேறினார்கள். ஒவ்வொரு கிரேக்கச் சொல்லையும் உடைத்து, உள்ளே இருக்கும் பொருளைப் பார்த்துத்தானே அவரால் தமிழில் சொல் தேட முடிந்திருக்கும்? அந்த உடைத்துப் பார்க்கும் வேலையையாவது நம் கல்லூரிகள் மாணவர்களுக்குச் செய்து கொடுக்கலாம். முதல் வாரம் முழுவதும் நாற்பது வேர்ச்சொற்கள், அவற்றுக்குத் தமிழில் பொருள். வேறு பாடமே வேண்டாம். தமிழ்வழியில் படித்து வருகிற பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பூட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சாவியை நாம்தான் மறைத்து வைத்திருக்கிறோம்.

பொங்கல் முடிந்த ஒரு வாரத்தில் அவள் போன் செய்தாள். வார்டில் போட்டிருந்தார்களாம். டயபட்டீஸ் நோயாளி ஒருவர், வயதான அம்மா. டயபட்டீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடே கடந்து ஓடுவது என்று பொருள். குடித்த நீரெல்லாம் நிற்காமல் இறங்கிவிடுகிறது. நம்மவர்களும் அதையே பார்த்துத்தான் நீரிழிவு என்றார்கள். இதை அன்றைய இரவிலேயே பேசியிருந்தோம்.

“கேஸ் ஷீட்ல பாலியூரியா, பாலிடிப்சியான்னு எழுதியிருந்தது சித்தி. வகுப்புல இன்னும் நடத்தல. நானே பிரிச்சேன். ‘பாலி’ நிறைய. ‘யூரியா’ யூரின்தான். ‘டிப்சா’ மட்டும் தெரியல, சிஸ்டர்கிட்ட கேட்டேன், தாகமாம். அந்த அம்மாவோட பொண்ணு வந்து, என்னம்மா எழுதியிருக்காங்கன்னு பயந்துபோய்க் கேட்டாங்க. நீர் நிறையப் போகுது, தாகம் நிறைய எடுக்குதுன்னு எழுதியிருக்குன்னு சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவங்க ஒண்ணும் சொல்லல. படுத்திருந்த அந்த அம்மாதான் கண்ணைத் திறந்து, ‘அதைத்தானே தாயி நான் வந்ததும் சொன்னேன்’னாங்க.”