நினைவு தவறியோரும் ஊராரும்

குடையைப் பள்ளிவாசலில் மறந்து வைத்துவிட்டு வருவது மறதி. நாற்பது ஆண்டுகளாகத் தொழுதுவரும் அப்பள்ளிவாசலுக்கு வழி புரியாமல் தெருமுனையில் திகைத்து நிற்பது நோய். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை நம் ஊர்கள் இன்னும் சரியாக அறியவில்லை. 'வயதானால் எல்லோரும் இப்படித்தான்' என்னும் ஒரு தொடரால் இரண்டையும் மூடிவிடுகிறோம்.

மருத்துவர் டிமென்ஷியா என்பதனைத் தமிழில் மறதிநோய் என வழங்குகிறோம். இப்பெயர் முழுதும் பொருந்துவதன்று என்பது என் கருத்து. மறதி அதன் ஒரு கூறேயாகும். சொல் கிடைக்காமல் தடுமாறுதல், பழகிய கணக்கில் பிழைபடுதல், காலமும் இடமும் குழம்புதல், காரணமற்ற ஐயம், முன்பில்லாத சினம் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். மூளை அணுக்கள் படிப்படியாக அழிவதால் நேர்வது இது. இதனைத் தோற்றுவிக்கும் நோய்கள் பல. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். செருமானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் இதனை மருத்துவ உலகிற்கு விளக்கியுரைத்தார். மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதாலும் இந்நிலை வரும். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் 5.7 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் என 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையோர்க்கு ஒரு செய்தி. சப்பானியர் இந்நோயைப் பேதைமை என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கி வந்தனர். அச்சொல்லுக்கு அஞ்சியே பலர் மருத்துவரிடம் செல்லத் தயங்கினர். 2004ஆம் ஆண்டில் அந்நாட்டரசு அதனை நீக்கி, அறிதல் தொடர்பான நோய் என்று பொருள்தரும் புதுச்சொல்லை ஏற்றது. அடுத்த ஆண்டே, பொதுமக்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயிற்சி அளிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிச் சிறுவர் எனப் பலதரத்தாரும் அதிற் பங்கேற்றனர். பயிற்சி பெற்றோர் தொகை ஒரு கோடியைக் கடந்துவிட்டது. அங்கே கற்பிக்கப்படுவன மூன்று: திடுக்கிடச் செய்யாதே, அவசரப்படுத்தாதே, தன்மதிப்பைப் புண்படுத்தாதே. ஓமுத்தா என்னும் நகரில், ஒருவர் வழி தவறியவர் போலத் தெருவில் நடக்க, ஊரார் அவரை அடையாளங்கண்டு பேச்சுக் கொடுக்கும் ஒத்திகையும் நடைபெறுகிறது.

இதனைப் படித்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. காரணம் என் பெரியத்தா. முப்பத்தைந்து ஆண்டுகள் துணிக்கடை நடத்தியவர். முழக் கணக்கை மனத்திலேயே போட்டுச் சொல்லுவார். ஒருநாள் அஸர் தொழப் புறப்பட்டவர் மஃரிபு கடந்தும் வீடு திரும்பவில்லை. பேருந்து நிலையத்தில் நின்று, என்றோ இடித்துவிட்ட திரையரங்கிற்கு வழி கேட்டிருக்கிறார். இளைஞர் சிலர் வேண்டுமென்றே ஆளுக்கொரு திசையைக் காட்டிச் சிரித்திருக்கின்றனர். தேநீர்க் கடைக்காரர் ஒருவர்தாம், 'அத்தா, வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்' என்று கைபிடித்து அமர்த்தி, எங்களுக்கு ஆள் அனுப்பினார். பயிற்சி எதுவும் பெறாத அவர் செய்தது முற்றிலும் சரியான செயல். நாங்கள் செய்ததோ தவறு. மறுநாள் வாயிற்கதவைப் பூட்டினோம். 'அந்தத் திரையரங்கு இப்போது இல்லை' என்று நான் ஓயாமல் திருத்தினேன். திருத்துந்தோறும் அவர் கலங்கினார். 'அங்கே என்ன படம் பார்த்தீர்கள்?' என்று கேட்டிருந்தால் மகிழ்ந்து பேசியிருப்பார் என்பதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

இத்தகையோரைத் தெருவில் கண்டால் பின்னாலிருந்து அழைக்கலாகாது. எதிரே வந்து, கண்ணில் படும்படி நின்று, நாம் இன்னார் என்று கூறி, மெல்லப் பேசுதல் வேண்டும். 'என்னைத் தெரிகிறதா?' என்னும் வினாவை அறவே விட்டுவிடலாம்; அது நலம் விசாரிப்பு அன்று, தேர்வு. ஒரு நேரத்தில் ஒரு வினா போதும். பலர் சூழ்ந்துகொண்டால் அச்சம் பெருகும். முதியோர்க்கென 14567 என்னும் கட்டணமற்ற தொலைபேசி உதவி எண் உள்ளதையும் ஊரார் அறிந்திருத்தல் நன்று.

நினைவு சென்றாலும் பழக்கம் எளிதில் செல்வதில்லை. மகன் பெயரை மறந்த பெரியத்தா, சிறுவயதில் மனனம் செய்த சூராக்களைப் பிழையின்றி ஓதினார். ஸஃப்பில் அவருக்கு அருகே நின்று, ருகூஉ தவறும்போது தோளை மெல்லத் தொட்டு உணர்த்த ஒருவர் இருந்திருந்தால் அவர் இன்னும் சில காலம் பள்ளிக்கு வந்திருப்பார். 'தொழுகை கலைகிறது' என்று சிலர் முணுமுணுத்ததால் நாங்களே நிறுத்திவிட்டோம்.

நோயாளியைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. பெரியம்மா நான்காண்டுகள் ஒரு திருமண வீட்டிற்கும் சென்றதில்லை. 'அவரை விட்டுவிட்டு எப்படி வருவாள்?' என்று உறவினர் தாமே முடிவு செய்து அழைப்பதையே விட்டனர். வாரத்தில் ஒருநாள், இரண்டு மணி நேரம், அண்டை வீட்டார் ஒருவர் வந்து உடனிருந்தால் போதும். பராமரிப்பவர் உறங்கலாம், கடைவீதிக்குச் சென்று வரலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுதோறும் சாலையோரம் துப்புரவு செய்கின்றனர். அவர்களுள் இருவரை இப்பணிக்கு அனுப்ப முடியாதா என்று கேட்டுப் பார்த்தேன், பார்க்கலாம் என்றனர்.

ஒன்றை அழுத்தமாகக் கூற வேண்டும். நினைவுக் குழப்பம் யாவும் தீராநோய் அல்ல. பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, உண்ணும் மருந்துகளின் விளைவு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். அவற்றுள் பலவற்றைச் சீர்செய்யலாம். ஆதலின் பேய் பிடித்தது, கண்ணேறு பட்டது என்று காலம் போக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் முதற்கடமை. அல்சைமர் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. எனினும் தொடக்கத்திலேயே அறிந்தால், சொத்து, கொடுக்கல் வாங்கல் முதலியவற்றை நோயுற்றவர் தம் விருப்பத்தைக் கேட்டே ஒழுங்குசெய்ய இயலும். பெரியத்தா யாருக்கோ கொடுத்திருந்த கடன் ஒன்று, எவருக்கு என்று தெரியாமலே போயிற்று.

அந்தத் தேநீர்க் கடைக்காரர் இன்றும் அதே இடத்தில் கடை வைத்திருக்கிறார். பெரியத்தாவின் ஜனாஸாவிற்கு வந்திருந்தார். 'கடைக்கு வந்தா மூணு சர்க்கரை கேப்பாரு, அது மட்டும் மறக்கல' என்றார்.