இரு சக்கர சாஸ்திரம் – 9: தலைக்கும் காற்றுக்கும் நடுவே

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், இருமருங்கும் கரிசல் விரிந்து கிடக்க, ஆங்காங்கே நிற்கும் பனைகளையும் சீமைக்கருவேலம் புதர்களையும் தவிரக் காற்றுக்குக் குறுக்கே நிற்பது வேறொன்றும் இல்லாத வெட்டவெளியில் அமைந்திருக்கிறது பாலவனத்தம். மதுரையில் 1901ஆம் ஆண்டு தமிழ்ச் சங்கத்தை ஸ்தாபித்த பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர் என்ற முறையில் தமிழ் படித்தவர்கள் அதன் பெயரை அறிவார்கள். சைக்கிளில் வேகம் பழக விரும்பும் இளைஞர்களுக்கு அவ்வூர் வேறொரு விதத்திலும் முக்கியமானது. ஏனெனில் ஆடி மாதத்து மேல்காற்றை அதன் எல்லாக் குணங்களோடும் அங்கே பிரத்தியட்சமாகக் காணலாம். அருப்புக்கோட்டையை நோக்கிப் போகும்போது முதுகைத் தள்ளிக்கொண்டு வருகிற அந்தக் காற்று, விருதுநகரை நோக்கித் திரும்பியவுடன் முகத்தில் அறைகிறது. அருப்புக்கோட்டைக்குப் போய் மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டாலோ, வடக்கே போனாலும் தெற்கே போனாலும் விலாவில் வந்து மோதுகிறது.

சென்ற வாரம் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டும் ஏரோ பாரைப் பற்றிப் பேசினோம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானிலும், ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மட்டுமே போட்டியிடும் டைம் டிரையலிலும் அவ்வாறு குனிந்த சரீரத்தின் முன்னணியில் நிற்பது தலை. அந்தத் தலைக்கு எந்த ஹெல்மெட் உகந்தது என்பதே இந்த வாரத்து விஷயம். உயர்ந்த ரகங்களுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேலும் கிரயம் ஆவதால், தீர விசாரிக்காமல் வாங்கத்தக்க பொருளன்று இது.

முதலில் காற்றின் கணக்கைத் தெரிந்துகொள்வோம். சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அந்த வேகத்தை இரண்டு மடங்காக்க நினைத்தால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் அவர் செலவிட வேண்டிய சக்தி இரண்டு மடங்கன்று, எட்டு மடங்கு. ஏரோ பாரில் நன்றாகக் குனிந்து பழகிய ஒருவருக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 25 வாட் போதுமாயிருந்த இடத்தில், 40 கிலோமீட்டர் வேகத்தில் 200 வாட் தேவைப்படுகிறது. இந்தத் தடையில் பெரும்பகுதியைச் சைக்கிளல்ல, அதன்மேல் இருக்கிற மனிதரே உண்டாக்குகிறார். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் பெரும்பொருள் செலவிடுகிறவர்கள் தங்கள் தலையையும் தோளையும் மறந்துவிடுவது விவேகமாகாது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்த உண்மையை உலகத்துக்குப் பளிச்சென்று எடுத்துக்காட்டியது 1989ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி. அவ்வருஷத்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள், வெர்சேல்ஸிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் டைம் டிரையலாக அமைந்திருந்தது. மூன்று வாரங்களில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்த நிலையில், பிரெஞ்சு வீரர் லோரான் ஃபிஞோன் அமெரிக்கரான கிரெக் லெமாண்டைவிட 50 வினாடிகள் முந்தியிருந்தார். அத்தனை குறுகிய தூரத்தில் அவ்வளவு பெரிய இடைவெளியை அடைக்க இயலாது என்பதே பெரும்பாலோரின் அபிப்பிராயம். லெமாண்ட், டிரையத்லான்காரர்களிடமிருந்து பெற்ற ஏரோ பாரையும், பின்புறம் வால்போல் நீண்ட ஹெல்மெட்டையும் கொண்டு புறப்பட்டார்; ஃபிஞோனோ வெறுந்தலையோடு, பின்னே முடிந்த கூந்தல் காற்றில் ஆட ஓட்டினார். மணிக்கு 54.5 கிலோமீட்டர் வேகத்தில் 26 நிமிஷம் 57 வினாடிகளில் லெமாண்ட் ஓடி முடிக்க, ஃபிஞோன் 58 வினாடிகள் பின்தங்கி வந்து, முழுப் பந்தயத்தையும் 8 வினாடிகளில் இழந்தார். அந்த வெற்றிக்கு ஹெல்மெட் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஏரோ பாரின் பங்கு பெரிது, லெமாண்டின் தேகபலம் அதனினும் பெரிது, ஃபிஞோன் இருக்கைப் புண்ணால் வேதனைப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. ஆயினும் மூன்று வாரப் பிரயாசை 8 வினாடிகளில் முடிவாகக்கூடும் என்பதை அன்று பார்த்தவர்கள், அதன்பின் காற்றை அலட்சியம் செய்யவில்லை.

வால் நீண்ட அந்த ஹெல்மெட் செய்யும் காரியம் என்ன? காற்று முன்னால் வந்து மோதுவதால் மட்டும் தடை உண்டாவதில்லை. தலையைச் சுற்றிக்கொண்டு போகும் காற்று, தலைக்குப் பின்னால் ஒழுங்காக ஒன்றுசேர முடியாமல் சுழலும்போது, அங்கே அழுத்தம் குறைந்து, ஓட்டுபவரைப் பின்னோக்கி இழுக்கிறது. தலைக்கும் முதுகுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை ஹெல்மெட்டின் வால் மூடிவிட்டால், காற்று தலையிலிருந்து முதுகின்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த வால் முதுகோடு படிந்திருக்கும் வரைதான் இந்த லாபம் உண்டு. களைத்துப்போய்த் தலையைக் கவிழ்த்து முன்சக்கரத்தைப் பார்க்கத் தொடங்கினால் வால் ஆகாயத்தை நோக்கி நிமிர்ந்து, எந்தக் காற்றிலிருந்து காக்க வந்ததோ அதே காற்றுக்கு இன்னொரு தடையாகிவிடும். குறுக்குக் காற்றிலும் சங்கடம் உண்டு. சோளத்தட்டைக் கட்டைத் தலையில் சுமந்து வருகிற பெண்கள், மேல்காற்று பக்கவாட்டில் பிடித்துக் கழுத்தைத் திருகும்போது கட்டை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்வதை நம் பக்கத்தில் எவரும் பார்த்திருக்கலாம். நீண்ட வாலும் கழுத்தை அவ்விதமே திருகும், பிடித்துக்கொள்ளத்தான் கை ஒழிவாயிராது.

ஆகையால் இன்றைய ஹெல்மெட்டுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது சௌகரியம். நீண்ட வாலுடையது முதல் வகை. தலையை அசைக்காமல் ஒரே நிலையில் வைத்திருக்கப் பழகியவர்களுக்கும் குறுகிய தூரத்துக்கும் உரியது. வால் குட்டையாய், உருண்டையாய், பெரும்பாலும் முன்னே கண்ணாடி வைசரோடு வருவது இரண்டாவது வகை. தலை சற்று அசைந்தாலும் குறுக்குக் காற்று வீசினாலும் அதிகமாகத் தண்டிக்காது. பார்வைக்குச் சாதாரண ஹெல்மெட்போல் இருந்து, துவாரங்களைக் குறைத்து, மேற்பரப்பை வழவழப்பாக்கியது மூன்றாவது வகை. காற்றின் கணக்கில் சிறிது பின்தங்கினாலும் தலைக்குக் குளிர்ச்சி தருவது.

இவற்றுள் நம் சீமைக்கு உகந்தது எது என்று தீர்மானிக்கும்போது உஷ்ணத்தைக் கணக்கில் சேர்க்காதவர் பாதிக் கணக்கையே போட்டவராவார். சாதாரண ஹெல்மெட்டை விட்டு நல்ல ஏரோ ஹெல்மெட்டுக்கு மாறுவதால் காற்றின் தடை நூற்றுக்கு 3 பங்கு குறைவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதனால் அரை நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக லாபம் கிடைக்கும். கோவாவில் 2019 முதல் நடைபெறும் அரை அயர்ன்மேன் போட்டியில், 1.9 கிலோமீட்டர் நீந்தியபின் 90 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அதன்பின் 21.1 கிலோமீட்டர் ஓடவேண்டும். அங்கே மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதே ஹெல்மெட் ஏறத்தாழ இரண்டு நிமிஷம் மிச்சப்படுத்தும். வேகம் குறைந்தவர் காற்றோடு போராடும் நேரம் அதிகமாகையால், மிச்சமாகும் நேரமும் அதிகமாகிறது. ஏரோ சாதனங்கள் வேகக்காரர்களுக்கு மட்டுமே பிரயோஜனம் என்ற பேச்சு தவறு என்பது இதனால் விளங்கும். ஆனால் அதே மனிதர் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வெயிலில் இருக்கிறார் என்பதையும் மறக்கலாகாது. துவாரமில்லாத ஓட்டுக்குள் தலை வெந்து, ஓட்டப் பந்தயத்தில் நான்கு இடங்களில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்ள நேர்ந்தால், சைக்கிளில் சம்பாதித்த இரண்டு நிமிஷமும் அங்கேயே கரைந்துபோகும். ஆகவே நீண்ட தூரத்துக்கும் நம் கோடைக்கும் காற்றுத் துவாரமுள்ள மூன்றாவது வகையையோ, நெற்றிப் பக்கம் துவாரம் உள்ள இரண்டாவது வகையையோ தேர்ந்தெடுப்பதே உசிதம். வெயில் ஓர் உபகாரமும் செய்கிறது: 15 டிகிரியில் இருப்பதைவிட 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 6 பங்கு குறைவு. குளிர் தேசத்துக்காரர் ஹெல்மெட்டைக் கொண்டு பெறுவதற்குக் குறையாத லாபத்தை நம் வெயில் இலவசமாகவே கொடுத்துவிடுகிறது.

வாங்கும் இடத்தில் செய்யவேண்டிய பரீட்சைகள் சில உண்டு. புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி டேப்பால் அளந்துகொண்டு போகவேண்டும். ஹெல்மெட்டை அணிந்தபின் அதன் முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். இரு வார்களும் காதுக்குக் கீழே கூட வேண்டும். மோவாய்க்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடமே இருக்க வேண்டும். வாரைப் பூட்டாமலேயே தலையைக் குனிந்து அசைத்தால் ஹெல்மெட் வழுக்கிக் கண்ணை மறைக்கக் கூடாது. பிறகு கண்ணாடிக்கு முன் நிற்பதோடு திருப்தியடையாமல், தம் சொந்தச் சைக்கிளில் ஏறிக் குனிந்து அமர்ந்து, பக்கவாட்டிலிருந்து ஒரு நண்பரைக் கொண்டு போட்டோ எடுக்கச் செய்ய வேண்டும். வாலுக்கும் முதுகுக்கும் நடுவே எத்தனை இடைவெளி விழுகிறது என்பதை அந்தப் படம் காட்டிவிடும். புறப்படும்போது ஒரு படம், ஒரு மணி நேரம் ஓட்டிக் களைத்தபின் ஒரு படம் என இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, கடைக்காரரின் விளக்கம் தேவைப்படாது. பாலவனத்தத்துச் சாலையில் விருதுநகரை நோக்கி எதிர்காற்றில் திரும்பும்போதுதான் ஹெல்மெட்டின் உதவி மிகவும் தேவைப்படுகிறது. தலை கவிழத் தொடங்குவதும் அந்நேரத்தில்தான். ஆகையால் அந்த இரண்டாவது படமே பிரமாணம்.

காற்றுச் சுரங்கத்தில் சோதிக்க வசதியில்லாதவர்கள், போக்குவரத்துக் குறைந்த ஒரு கிளைச் சாலையில், காற்றசையாத விடியற்காலையில், பவர் மீட்டரின் துணையோடு பரீட்சை செய்யலாம். ஒரே தூரத்தை, ஒரே உடையில், ஒரே நிலையில் அமர்ந்து, போகவும் வரவும் ஓட்ட வேண்டும். முதலில் ஒரு ஹெல்மெட், அடுத்து மற்றொன்று, மூன்றாவதாக மீண்டும் முதல் ஹெல்மெட். முதல் தடவையும் மூன்றாம் தடவையும் ஒத்துவந்தால்தான் நடுவிலிருப்பதை நம்பலாம். ஒருவர் தலையில் ஜெயித்த ஹெல்மெட் இன்னொருவர் தலையில் தோற்பது சகஜமாகையால், விளம்பரத்திலுள்ள எண்ணைக் காட்டிலும் இவ்வாறு பெற்ற எண்ணே பெறுமதியுள்ளது.

வேறு இரண்டு விஷயங்களையும் இங்கே சொல்ல வேண்டும். காதை மூடும் ஹெல்மெட் காற்றை இனிது கடத்தும், ஆனால் பின்னால் வரும் லாரியின் ஹாரனையும் அடக்கிவிடும். சாலையை மூடிவிட்டு நடத்தும் போட்டியில் அது குற்றமல்ல. நான்குவழிச் சாலையில் தினசரிப் பயிற்சிக்கு அதை அணிவது ஆபத்து. டிரையத்லானில், சைக்கிளை அதன் நிறுத்தத்திலிருந்து எடுக்கும் முன்பே வாரைப் பூட்டியிருக்க வேண்டும், திரும்பி வந்து வைத்தபின்பே கழற்ற வேண்டும் என்பது விதி. நீந்தி வந்த ஈரத் தலையோடும் விறைத்த விரல்களோடும் எளிதில் அணிய முடிகிறதா என்று வீட்டிலேயே தலையை நனைத்துக்கொண்டு பழக வேண்டும். காது மடங்கி வலிக்கிற ஹெல்மெட் எத்தனை வேகமானதாயினும் நிராகரிக்கத் தக்கது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெல்மெட் பிறந்தது தலையைக் காப்பாற்ற என்பதை வேகத்தின் ஆசை மறைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் டைம் டிரையலில் அணிந்த கவசங்கள் பல, உள்ளே மெத்தென்ற பகுதி எதுவுமின்றிக் காற்றுக்காக மட்டும் செய்த வெறும் ஓடுகளாக இருந்தன. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் – நீஸ் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலேவ் ஹெல்மெட்டின்றி விழுந்து உயிரிழந்தபின்தான், சர்வதேச சைக்கிள் சங்கம் தொழில்முறைச் சாலைப் பந்தயங்களில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நாம் தெர்மாகோல் என்று சொல்லும் வகையைச் சேர்ந்த, ஆனால் அதனினும் கெட்டியான நுரைதான் ஹெல்மெட்டுக்குள் இருப்பது. அடிபடும்போது தான் நசுங்கி மூளையைக் காக்கும் அது, ஒருமுறை நசுங்கியபின் மீண்டும் எழாது. பலமாக விழுந்த ஹெல்மெட்டை, மேலே கீறல் தெரியாவிட்டாலும் கழித்துவிட வேண்டும். பிறர் உபயோகித்ததை மலிவென்று வாங்கலாகாது. பூட்டிய காருக்குள் வெயிலில் போட்டுவைக்கவும் கூடாது. ஐரோப்பிய இ.என். 1078 முத்திரையோ, அமெரிக்கச் சி.பி.எஸ்.சி. முத்திரையோ உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

செப்டம்பரில் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் மாணவர்களுக்குச் சைக்கிள் போட்டிகள் நடக்கின்றன. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்ற மூன்று பிரிவுகளில், 10 கிலோமீட்டர் முதல் 20 கிலோமீட்டர் வரை, இந்தியாவில் செய்த சாதாரணச் சைக்கிள்களில் நம் கிராமத்துப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் அப்போட்டியில், முன்னால் போகிறவரின் பின்னே ஒட்டி ஓட்டுவதால் கிடைக்கும் லாபத்துக்கு எந்த ஏரோ ஹெல்மெட்டும் ஈடாகாது. அவர்களுக்கு வேண்டியது வாலுமல்ல, வைசருமல்ல. அளவுக்குச் சரியான, வார் நன்றாகப் பூட்டுகிற, முத்திரை பெற்ற சாதாரண ஹெல்மெட் ஒன்றே. கூட்டமாக ஓட்டுகையில் ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவர்களும் விழுவார்கள் என்பதை அறிந்த பெற்றோரும் உடற்பயிற்சி ஆசிரியர்களும், இந்த வருஷம் முதல் ஹெல்மெட் இல்லாத எந்தப் பிள்ளையையும் புறப்படும் கோட்டில் நிற்க அனுமதிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.