கல்யாணம் ஆகவில்லை என்று யார் எழுதித் தருவது?

பெண்ணோ பையனோ ஜெர்மன்காரரை மணக்கப் போகிறார், கல்யாணம் ஜெர்மனியில் என்று முடிவானதும் நம் வீடுகளில் விசாப் பேச்சுதான் முதலில் எழும். ஆனால் விசா இரண்டாவது படி. அதற்கு முன்னால் கல்யாணம் நடக்கப் போகும் ஊரின் பதிவகம் (ஸ்டாண்டெஸாம்ட் என்பார்கள்) இருவரின் காகிதங்களையும் பார்த்து, இந்தத் திருமணத்துக்குத் தடையில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டதாக அது தரும் கடிதம் வந்த பிறகுதான் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் திருமண விசாவுக்கு மனுப் போட முடியும். பதிவகத்துக்கு நாம் நேரில் போக வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் அங்கிருக்கும் துணையே நமக்கும் சேர்த்து மனுக் கொடுக்கலாம்.

அந்தப் பதிவகம் கேட்கும் காகிதங்களில் ஒன்று நம்மவர்களை மிகவும் கலங்க வைக்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 1309-ஆம் பிரிவு, அங்கே மணக்க வரும் வெளிநாட்டவர் தம் நாட்டு அரசிடமிருந்து திருமணத் தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும் என்கிறது. அவர் ஏற்கெனவே யாரையும் மணந்திருக்கவில்லை, அவர் நாட்டுச் சட்டப்படி இந்தக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை என்று அரசே உறுதி சொல்லும் சான்று அது. அப்படி ஒன்றை இந்தியா தருவதில்லை. தராத நாட்டுக்காரருக்கு அதே பிரிவு ஒரு வழி விட்டிருக்கிறது: அந்தப் பதிவகம் இருக்கும் பகுதியின் உயர் நீதிமன்றத் தலைவர் விலக்கு அளிக்கலாம். மனுவைப் பதிவகமே அனுப்பிவைக்கும். விலக்கு ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் கல்யாணம் நடந்துவிட வேண்டும்.

"எங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலைன்னு பெத்த எங்களுக்குத் தெரியாதா?" என்று பெற்றோர் மனம் நொந்து கேட்கிறார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்தக் கேள்வி யாரையும் சந்தேகிப்பதால் எழுவதல்ல. 1876 முதல் ஜெர்மனி முழுவதும் பதிவாளர் முன் நடந்தால்தான் அது சட்டப்படி திருமணம். தேவாலயத்தில் எத்தனை விமரிசையாக நடந்தாலும் அது மட்டும் போதாது. ஆகவே அங்கே ஒருவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்பதற்குப் பதிவேடு பதில் சொல்லிவிடும்.

நம் ஊரில் சொல்லாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி வழக்கத்தில் உள்ள சடங்கு நடந்தாலே கல்யாணம் செல்லும். தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனோம். அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-ல், நம் சட்டமன்றம் அந்தச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், தாலி கட்டினால் போதும். சுயமரியாதைத் திருமணங்களுக்குக் கிடைத்த அந்த அங்கீகாரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதியச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் பதியவில்லை என்பதால் கல்யாணம் இல்லை என்று ஆகிவிடாது. பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் மணமாகாதவர் என்று இந்தியாவில் எந்த அலுவலகமும் உறுதியாகச் சொல்ல முடியாமல் இருப்பது இதனால்தான். ஜெர்மன் பதிவாளர் தேடுவது அந்த உறுதியைத்தான்.

அதற்கு ஈடாக நாம் கொடுக்கக் கூடியவை இரண்டு. ஒன்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரித்த பின் தாசில்தார் வழங்கும் திருமணமாகாதவர் சான்றிதழ். மற்றொன்று, முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முன் கையெழுத்திடும் உறுதிமொழிப் பத்திரம். மணமாகப் போகிறவர் எழுதியது மட்டும் போதாமல், பெற்றோரும் தனியாக எழுதித் தரச் சொல்லும் பதிவகங்கள் உண்டு. எது வேண்டும், எந்த வாசகத்தில் வேண்டும் என்பதை அந்தந்த ஊர்ப் பதிவாளர்தான் தீர்மானிக்கிறார். மியூனிக்கில் மணந்த தோழியின் பட்டியல் கொலோனில் செல்லுபடியாகாமல் போகலாம். மணக்கப் போகும் ஊரின் பதிவகத்திடம் பட்டியலை எழுத்தில் வாங்கிய பிறகே இங்கே ஒரு ரூபாயையும் செலவழியுங்கள்.

ஏனென்றால் பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு: நம் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அப்போஸ்டில். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. நம் வெளியுறவு அமைச்சகம் ஆவணத்தின் பின்னால் ஒட்டித் தரும் அந்த வில்லையை எத்தனையோ நாடுகள் மறுபேச்சில்லாமல் ஏற்கின்றன. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் இரு நாடுகளுக்கும் இடையில் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. இது தெரியாமல் ஏஜென்டிடம் பணம் கட்டி எல்லாச் சான்றிதழிலும் வில்லை ஒட்டி வாங்கிவிட்டு, அங்கே செல்லாது என்றதும் உடைந்துபோகிறார்கள்.

ஜெர்மனி கேட்பது நேரடிச் சரிபார்ப்பு. பதிவகம் கேட்டுக்கொண்டால் இங்குள்ள தூதரகம் தன் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர் ஒருவரை அனுப்பும். பிறப்புப் பதிவேட்டை அவர் புரட்டிப் பார்ப்பார், பள்ளியில் கேட்பார், வீட்டுப் பக்கத்திலும் விசாரிப்பார். மாதக்கணக்கில் ஆகும், செலவும் மணமக்கள் தலையில்தான். காத்திருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு சிற்றூரில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "இந்த வீட்டுப் பெண்ணுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போனால், அந்த அம்மா அன்று மாலை தெருவில் எப்படி நடமாடுவார்? தாசில்தார் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே பக்கத்து வீட்டு அக்காவிடமும் பெரியப்பாவிடமும் போய் உட்கார்ந்து, இன்ன காரணத்துக்காக ஒருவர் வருவார், உள்ளதைச் சொல்லுங்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தப் பட்டியலிலும் இந்த வேலை இருக்காது. பெற்றவர்களின் மானத்தைக் காப்பது இதுதான் என்பதால் முதல் வேலையாக இதைச் சொல்வேன்.

சரிபார்ப்பு பெரும்பாலும் சிக்கிக்கொள்வது பிறப்புச் சான்றில். குழந்தை பிறந்ததும் பதிந்திருப்பார்கள், பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அம்மா பெயர் பிறப்புச் சான்றில் 'மீனா', பள்ளிச் சான்றில் 'மீனாட்சி', ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும், பிறப்புச் சான்றில் அது இருக்கவே இருக்காது. நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். குடும்பப் பெயரை வைத்தே ஆளை அடையாளம் காணும் அதிகாரிக்கு அப்படி அல்ல. விட்டுப்போன பெயரை இப்போது சேர்க்க முடியுமா என்று பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் கேளுங்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றால், ஓராண்டு கடந்துவிட்ட நிலையில், வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். சான்றை எல்லாம் திருத்தி முடித்த பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். அதுவும் ஜெர்மனியில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பது பாதுகாப்பு.

இவ்வளவையும் கேட்டுக் களைத்த ஜோடிகள் பலர் டென்மார்க்குக்குப் போகிறார்கள். 2019 முதல் வெளிநாட்டு ஜோடிகளின் மனுக்களை அங்கே ஒரே அரசு அலுவலகம் பரிசீலிக்கிறது. பாஸ்போர்ட், டென்மார்க்கில் சட்டப்படி இருக்க உரிமை, உறவு உண்மையானது என்பதற்கு ஆதாரம், முன்பு மணமாகி முறிந்திருந்தால் விவாகரத்து உத்தரவு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பிறப்புச் சான்றைப் பொதுவாகக் கேட்பதில்லை. அனுமதி கிடைத்தால் நான்கு மாதத்துக்குள் எந்த நகர மண்டபத்திலும் மணக்கலாம். தெற்கே ஏரோ என்ற சின்னத் தீவு இதற்கென்றே பேர் வாங்கியிருக்கிறது. சான்றிதழையும் ஆங்கிலம், ஜெர்மன் உட்பட ஐந்து மொழிகளில் தருகிறார்கள். நேர்மையான வழிதான். ஏற்கெனவே ஜெர்மனியில் வேலையோ படிப்போ விசாவில் இருப்பவருக்கு மிகவும் உதவும். இந்தியாவிலிருந்து டூரிஸ்ட் விசாவில் போய் மணந்துவிட்டு அப்படியே ஜெர்மனியில் தங்கிவிடலாம் என்று மட்டும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் ஊர் திரும்பி, ஏ1 ஜெர்மன் தேர்ச்சியோடு குடும்ப விசாவுக்கு மனுச் செய்ய வேண்டியிருக்கும்.

டென்மார்க்கில் கேட்காத பிறப்புச் சான்றை ஜெர்மனி பிறகு கேட்கும். குழந்தை பிறந்ததும் அதைப் பதிய அதே ஸ்டாண்டெஸாம்டுக்குத்தான் போக வேண்டும். அப்போது தாய் தந்தை இருவரின் பிறப்புச் சான்றும் தேவை. அடையாளம் உறுதியாகவில்லை என்று பதிவாளர் கருதினால், குழந்தையின் பதிவேட்டு நகலில் அந்தக் குறிப்போடு எழுதித் தருவார். பிரசவத்துக்கு வந்திருக்கும் பாட்டி ஒரு பக்கம், பச்சைக் குழந்தை ஒரு பக்கம் இருக்க, ஊரில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு யாரை அனுப்புவது என்று தவித்த குடும்பங்கள் உண்டு. டென்மார்க் வழியைத் தேர்ந்தவர்களும் பிறப்புச் சான்றைத் திருத்தும் வேலையைக் கல்யாணத்துக்கு முன்பே, அப்பா அம்மா இங்கே அலைந்து திரிய முடிகிற காலத்திலேயே, தொடங்கிவிடுங்கள்.

(தொடரும்)