யுனிக்ஸ் முறைமைகளில் நாடா இயக்கிகளின் சாதனக் கோப்புப் பெயர்கள்

யுனிக்ஸ் இயங்குதளத்தில் வன்பொருள்கள் பெரும்பாலும் கோப்புகளாகவே அணுகப்படுகின்றன. வன்வட்டுக்குரிய கோப்பின் பெயர் ஒரு வட்டையோ அதன் பகுதியையோ சுட்டும். காந்த நாடா இயக்கியின் நிலை வேறு. ஒரே இயக்கிக்குப் பல பெயர்கள் உண்டு. ஒவ்வொரு பெயரும் அவ்வியக்கி நடந்துகொள்ள வேண்டிய முறையையும் உணர்த்துகிறது.

லினக்சில் முதல் நாடா இயக்கிக்கு /டெவ்/எஸ்டி0, /டெவ்/என்எஸ்டி0 என்னும் பெயர்கள் வழங்குகின்றன. முன்னதன் வழியே திறக்கப்பட்ட நாடா, கோப்பு மூடப்பட்டதும் தொடக்கத்திற்குச் சுருட்டப்படும். பின்னதன் வழியே திறக்கப்பட்டது நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னொட்டாகிய 'என்' பின்சுருட்டாமையைக் குறிக்கிறது. இவ்வோர் எழுத்தின் விளைவு பெரிது. டார் கட்டளையைக் கொண்டு முதலில் ஆய்வுத் தரவுகளையும் அடுத்து மின்னஞ்சல்களையும் ஒருவர் எஸ்டி0 வழியே எழுதுவதாகக் கொள்வோம். முதற்கட்டளை முடிந்ததும் நாடா தொடக்கத்திற்குத் திரும்பிவிடுவதால், இரண்டாம் கட்டளை முதல் தொகுப்பின் மேலேயே எழுதும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. இரண்டாம் தொகுப்பு அளவிற் சிறியதாயினும் பயனில்லை. அது முடியுமிடமே தரவின் முடிவாகக் கொள்ளப்படுவதால், அதற்கப்பால் எஞ்சியதை இயக்கி இயல்பாகப் படிக்காது. இழப்பு, தரவை மீட்க முனையும் நாளில்தான் தெரியவரும். என்எஸ்டி0 வழியே எழுதியிருப்பின் இரு தொகுப்புகளும் கோப்புக்குறியால் பிரிக்கப்பட்டு அடுத்தடுத்து அமைந்திருக்கும்.

பெயர் பயனருக்கானது, கெர்னல் காண்பது எண்ணையே. லினக்சில் இவ்விரு கோப்புகளுக்கும் முதன்மை எண் 9. துணை எண் எஸ்டி0-க்கு 0, என்எஸ்டி0-க்கு 128. அதாவது வேறுபாடு ஒரே ஒரு பிட்டு. 4.2 பிஎஸ்டி முறைமையில் இக்கணக்கு பெயரிலேயே வெளிப்பட்டது. ஆர்எம்டி8, ஆர்எம்டி12 ஆகியன ஒன்பதாவது, பதின்மூன்றாவது இயக்கிகள் அல்ல. இரண்டும் ஒரே இயக்கிதான். 8 என்பது அங்குலத்திற்கு 1600 பிட்டு அடர்த்தியையும், 4 என்பது பின்சுருட்டாமையையும் குறித்தன. இரண்டின் கூட்டுத்தொகையே 12.

சோலாரிசில் 'என்' பின்னொட்டாகி /டெவ்/ஆர்எம்டி/0என் என அமைகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் என்எஸ்ஏ0 உடன், மூடியதும் நாடாவை வெளித்தள்ளும் இஎஸ்ஏ0 என்பதும் உண்டு. பொருள் விளங்குவதில் மிகக் கடினமானது ஏஐஎக்ஸ் முறையே எனலாம். அங்கு ஆர்எம்டி0 என்பதையடுத்துப் புள்ளியிட்டு 1 முதல் 7 வரை எண்கள் இடப்படுகின்றன. அவற்றுள் ஒற்றைப்படை எண்களே பின்சுருட்டாதவை. என்எஸ்டி0-ஐக் கொண்டு லினக்சில் எழுதப்பட்ட காப்பு நிரலை ஏஐஎக்சுக்கு மாற்றுபவர் ஆர்எம்டி0 என்று மட்டும் திருத்தினால் மேற்கண்ட இழப்பே நேரும், ஆர்எம்டி0.1 என்றே திருத்த வேண்டும்.