லாரி ஓட்டுவதும் ஒரு கைத்தொழிலே

நெசவாளர் தறியிலிருந்து அறுத்தெடுத்த துணியும், விவசாயி களத்தில் கட்டிய மூட்டையும் வாங்குவோர் கையைச் சேரும்வரை அவர்களுடைய உழைப்பு பூர்த்தியானதாகாது. இடையிலுள்ள தூரம் முழுவதும் அந்த உழைப்பின் பலன் ஒரு லாரி டிரைவரின் பொறுப்பில் இருக்கிறது. நூலின் தரத்தையும் விதையின் தரத்தையும் நுணுகி விசாரிக்கும் நம் சங்கங்கள், சரக்கை ஏற்றிச் செல்கிறவரின் தொழில் தரத்தை மட்டும் விசாரிப்பதில்லை. வாடகை எவ்வளவு, எப்பொழுது போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறோம். இது போதுமா என்பதை அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும்.

இதற்குத் திருவொற்றியூர் பொருத்தமான உதாரணம். இவ்வூரைச் சேர்ந்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்கென ஏற்பட்ட குடியிருப்பு. அவர் பெயரே மருவி ஊர்ப் பெயராயிற்று. இன்று அவ்வூரின் தெற்கே சென்னைத் துறைமுகமும், வடக்கே 2001-இல் தொடங்கப்பெற்று 2014-இல் காமராஜர் பெயரைப் பெற்ற எண்ணூர்த் துறைமுகமும், மேற்கே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உள்ளன. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என நிறுவப்பட்டு, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய கம்பெனியின் தொழிற்சாலையும் எண்ணூரிலேயே இருக்கிறது. லாரி பிறக்கும் இடமும், அது இரவு பகலாக ஓடும் இடமும் ஒன்றாக அமைந்த பிரதேசம் இது. அந்தச் சாலையின் ஓரத்திலேதான் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே சைக்கிளிலும் கால்நடையாகவும் மக்கள் சாலையைக் கடக்கிறார்கள். டிரைவரின் திறமை அங்கே சரக்கை மட்டுமல்ல, உயிர்களையும் பொறுத்த விஷயமாகும்.

லைசென்சு பெற்றவரெல்லாம் தொழில் அறிந்தவர் ஆகிவிடுவாரா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வண்டி ஓட்டுவதற்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். பழகுநர் லைசென்சு பெறுமுன் இலகு ரக வண்டிக்கான லைசென்சு ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டது. படிப்பில்லாதவருக்கும் பிழைப்புக்கு வழி திறந்தது நல்லதே. ஆனால் பயிற்சியின் பொறுப்பு அதனால் கூடியதேயன்றிக் குறையவில்லை. நாடாவை ஓட்டத் தெரிந்தவரெல்லாம் நெசவாளர் ஆவதில்லை என்பதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லைசென்சு இத்தொழிலின் வாயிற்படி மாத்திரமே.

உள்ளே கற்க வேண்டியவற்றுள் மூன்றை இங்கே விளக்குவோம். முதலாவது, நிறுத்தும் வித்தை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. அபாயத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு விநாடி பிடித்தால், பிரேக் வேலை செய்யத் தொடங்குமுன்பே அந்தத் தூரம் போய்விடுகிறது. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். இரண்டாவது, திரும்பும் வித்தை. 40 அடி கன்டெய்னரை ஏற்றிய டிரெய்லர் வளைவில் திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உட்புறமாக வெட்டி வருகின்றன. இடப்பக்கம் நிற்கும் சைக்கிள்காரர் டிரைவரின் கண்ணுக்குத் தெரியாமலே சிக்கிக்கொள்ளக்கூடும். மூன்றாவது, சரக்கை அறிதல். உயரமாக அடுக்கிய பேல்கள் வளைவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். கன்டெய்னரின் நான்கு மூலைப் பூட்டுகளும் பூட்டியிருக்கின்றனவா என்று புறப்படுமுன் பார்க்காத டிரைவர், வழியெல்லாம் அபாயத்தைச் சுமந்து செல்கிறார்.

இவற்றை நம் நாட்டு டிரைவர்களிற் பலர் கிளீனராகச் சேர்ந்து, மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றார்கள். டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றளவை ஊகிப்பதும், என்ஜின் சத்தத்தில் கோளாறை உணர்வதும் இந்தக் குருகுல முறையின் பலன்கள். தறியின் ஓசையிலேயே குறையை அறியும் நெசவாளர் இதன் அருமையை உணர்வார். ஆனால் குருவின் நல்ல பழக்கத்தோடு தீய பழக்கமும் சீடனுக்கு வந்து சேர்கிறது. டீசலை மிச்சப்படுத்துவதற்காக இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விடுவது இத்தகைய பழக்கம். அப்பொழுது என்ஜினின் தடுப்புச் சக்தி போய், முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. பிரேக் டிரம்கள் சூடேறிப் பிடிமானத்தை இழக்கின்றன. தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயில் நேர்ந்த லாரி விபத்துகளுக்குக் கூறப்படும் காரணங்களில் இது முக்கியமானது. பல வருஷம் தப்பிப் பிழைத்த தவறு அனுபவம் என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. ஆகவே அனுபவத்தைச் சோதித்துச் சீர்ப்படுத்த முறையான பயிற்சி அவசியம்.

அதற்கு வசதிகள் இல்லாமலில்லை. தமிழக அரசின் சார்பில் 1976-இல் நிறுவப்பட்ட சாலைப் போக்குவரத்து நிறுவனம், திருவொற்றியூருக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் கனரக வண்டி ஓட்டும் பயிற்சியை நடத்தி வந்திருக்கிறது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் அசோக் லேலண்டு கம்பெனி 1995-இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று. மணலியில் நிரப்பிச் செல்லும் பெட்ரோல் டாங்கர் போன்ற அபாயச் சரக்கு வண்டிகளின் டிரைவர்களுக்கு மூன்று நாள் தனிப் பயிற்சியை 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் வற்புறுத்தின.

எனினும் நன்கு பயின்றவரும் தூக்கமின்றி ஓட்டினால் பயின்றது பயன்படாது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது; 5 மணி நேரத்துக்குள் அரை மணியாவது ஓய்வு தர வேண்டுமென்றது. ஆனால் துறைமுக வாயிலில் வரிசையில் காத்துக் கிடக்கும் நேரத்தை ஓய்வென்று கொள்வது தவறு. வண்டி அடிக்கடி நகர்வதால் டிரைவர் கண்ணயர முடியாது. டிரிப்புக் கணக்கில் பேட்டா பெறுகிறவருக்குக் காத்திருந்த நேரத்துக்குக் கூலியுமில்லை. உள்ளே சரக்கை இறக்கியபின், போன நேரத்தை ஈடுசெய்ய வேகமாக ஓட்டுகிறார். விபத்துக்கு வித்து அங்கேதான் ஊன்றப்படுகிறது.

இதில் நம் பங்கும் உண்டு. இரண்டு டன் அதிகம் ஏற்றிவிட்டால் ஒரு டிரிப் மிச்சம் என்று எண்ணுகிறவர்கள் சரக்கை அனுப்பும் நாமே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வகுத்தது; வண்டியை ஓட்டுகிறவரோடு, ஓட்டச் செய்கிறவரும் அதற்கு உட்பட்டவர்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் லாரி அமர்த்தும்போது சில காரியங்களைச் செய்யலாம். டிரைவர் எங்கே பயின்றார், எத்தனை வருஷம் இத்தகைய வண்டியை ஓட்டினார் என்று விசாரிக்கலாம். சரக்கை எடை போட்டு ஏற்றலாம். வழியில் தூங்குவதற்கும் இடமிருக்கும்படி நேரத்தைக் குறிக்கலாம். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். இவற்றால் வாடகை சிறிது கூடலாம். ஆனால் ஒரு லாரி கவிழ்ந்தால் போகும் சரக்கையும் உயிரையும் எண்ணும்போது அது பெரிதன்று. நம் கைத்தொழிலுக்கு உரிய மதிப்பையும் கூலியையும் உலகம் தர வேண்டுமென்று கேட்டே நாம் சங்கம் அமைத்தோம். அதே நியாயத்தை நம் சரக்கைச் சுமந்து செல்லும் தொழிலாளிக்கும் நாம் வழங்க வேண்டும்.